பேர் இல்லாத பாட்டு

தென்சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்க என்னை அழைத்திருந்தார்கள். நாவலாசிரியனைத் தலைமைக்கு அழைப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. அவனுக்காகக் கூட்டம் ஒன்றும் அதிகமாக வந்துவிடாது. ஆகையால் சாப்பாட்டுக் கணக்குத் தவறாது. நான் போனேன், மாலை போட்டுக்கொண்டேன், முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

அன்றைய நிகழ்ச்சிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'வடசென்னை இரவு'. வங்கி அதிகாரிகளும் கணிப்பொறி எஞ்சினீயர்களும் கட்டம்போட்ட லுங்கியும் கழுத்தில் கர்ச்சீப்புமாக வந்து நின்றார்கள். ஒருவர் கன்னத்தில் கண் மையால் வெட்டுத் தழும்பு ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பேராசிரியை தலையில் மீன்கூடை. கூடைக்குள் பிளாஸ்டிக் மீன். நாடகம் நடந்தது. "இன்னாமே!" என்று ஒருவர் சொன்னால் சபை சிரித்தது. "கஸ்மாலம்!" என்று இன்னொருவர் சொன்னால் சபை அதைவிட அதிகமாகச் சிரித்தது. வசனத்தில் வேறு ஹாஸ்யம் எதுவும் இல்லை. அந்தப் பேச்சே ஹாஸ்யம். பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு கானாப் பாட்டுக்கு ஆடினார்கள். தண்ணீர் லாரி வராததைப் பற்றியும் லிப்ட் நின்றுபோனதைப் பற்றியும் வார்த்தைகளை மாற்றிப் போட்டிருந்தார்கள். அதை அப்போதே கைப்பேசியில் படம்பிடித்து, அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பினார்கள்.

நானும் சிரித்தேன். அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுதினால் நான் அயோக்கியன். சிரித்தது மட்டுமல்ல, தலைமையுரையில், 'மண்ணின் கலையை நீங்கள் மறக்கவில்லை' என்று அவர்களைப் பாராட்டியும் பேசினேன். அந்தப் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத்தான் இப்போது பேனாவை எடுத்திருக்கிறேன்.

முதலில் அந்தச் சொற்களுக்கு வருகிறேன். 'கஸ்மாலம்' என்றதும் உங்களுக்குச் சிரிப்பு வருகிறதே, அது என்ன பாஷை தெரியுமா? சுத்தமான சம்ஸ்கிருதம். பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், வில்லைப் போட்டுவிட்டுச் சோர்ந்து உட்கார்ந்த அர்ஜுனனைப் பார்த்துக் கண்ணபிரான் 'இந்த இழிவு உனக்கு எங்கிருந்து வந்தது' என்று கேட்கும் இடத்தில் இந்தச் சொல்தான் நிற்கிறது. கீதை வகுப்பில் கைகட்டிக் கேட்கிற சொல், மீன்கூடைக்காரியின் வாயில் வந்தால் கேலியாகிவிடுகிறது. 'துட்டு' என்கிறீர்களே, அது டச்சுக்காரன் நாணயத்தின் பெயர். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613-ல் கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்து வியாபாரம் செய்தவன் அவன். 'நாஷ்டா' உருது. 'பேஜார்' பாரசீகம். துறைமுகத்தில் யார் யார் கப்பலை விட்டு இறங்கினார்களோ அவர்கள் அத்தனை பேரிடமும் கூலி வேலை பார்த்தவர்கள், காசோடு கூட அவர்கள் சொல்லையும் கொஞ்சம் வாங்கி முடிந்து வைத்துக்கொண்டார்கள். முந்நூறு வருஷத்துக் கடல் வியாபாரத்தின் கணக்குப் புத்தகம் அந்தப் பாஷை. அதைக் கொச்சை என்கிறோம். ஆங்கிலத்தைப் பாதியும் தமிழைப் பாதியுமாகப் பிசைந்து நாம் பேசுகிறோமே, அதற்கு மட்டும் படித்தவர் பேச்சு என்று பெயர்!

இந்தக் கேலியைக் குடியிருப்புக்காரர்கள் கண்டுபிடித்துவிடவில்லை. சினிமா கற்றுக்கொடுத்தது. 1958-ல் வந்த 'சபாஷ் மீனா'வில் சந்திரபாபு இரட்டை வேஷத்தில் ஒன்றாக ரிக்ஷாக்காரராக வந்து சென்னைப் பாஷை பேசினார். அவர் பிறந்தது தூத்துக்குடி. அசாத்தியமான கலைஞர், அந்தப் பேச்சின் தாளத்தைக் காதால் பிடித்து நாக்கில் நிறுத்திக் காட்டினார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவருக்குப் பின்னால் வந்த சினிமா அந்தத் தாளத்தை விட்டுவிட்டு, லுங்கியை மட்டும் எடுத்துக்கொண்டது. வடசென்னைக்காரன் என்றால் ஒன்று ரௌடி, இல்லாவிட்டால் கோமாளி. கதாநாயகன் வந்து அவனை அடிப்பான், அல்லது அவன் வந்து கதாநாயகனுக்குக் காதல் தூது போவான். மற்றபடி அவனுக்கு ஒரு வீடு உண்டு, வீட்டில் சாவு விழும், பெண்ணுக்கு வரன் தேட வேண்டும் என்பதெல்லாம் அண்மைக்காலம் வரையில் திரையில் வந்ததில்லை. 2012-ல் 'அட்டகத்தி', 2014-ல் 'மெட்ராஸ்' என்று இரஞ்சித் வந்த பிறகுதான் அந்த மனிதர்கள் தங்கள் வீட்டு வாசலில் தாங்களே நிற்பதைப் பார்த்தோம்.

கதை எழுதும் நாங்கள் யோக்கியர்களா? இல்லை. பல வருஷங்களுக்கு முன் நான் ஒரு பத்திரிகைக் கதையில் இராயபுரத்து மீன்காரி ஒருத்தியைக் கொண்டுவந்தேன். கதையின் நடுப்பகுதி தொய்கிறது, வாசகர் கொட்டாவி விடுவார் என்று பயந்து அவளைக் கூப்பிட்டேன். அவள் வந்தாள், நாலு பக்கம் திட்டினாள், போய்விட்டாள். அந்த நாலு பக்கத்துக்குத்தான் அந்தக் கதைக்குக் கடிதங்கள் வந்தன. ஒரே ஒரு கடிதம் மட்டும் வேறு விதமாக இருந்தது. எழுதியவர் அந்தப் பேட்டையைச் சேர்ந்த ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. 'எங்கள் அம்மா மீன் விற்றுத்தான் என்னைப் படிக்கவைத்தார். உங்கள் கதையில் எல்லாருக்கும் பெயர் இருக்கிறது, நாய்க்குக் கூடப் பெயர் இருக்கிறது. மீன்காரிக்கு மட்டும் ஏன் சார் பெயர் இல்லை?' என்று கேட்டிருந்தார். நான் பதில் எழுதவில்லை. எழுதத் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

ஆண்டு விழாவுக்கு மறுவாரம் எனக்குக் காசிமேட்டுப் பக்கம் ஒரு வேலை இருந்தது. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இராயபுரம் ஸ்டேஷனைத் தாண்டி, லாரிகளின் ஊர்வலத்துக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்து, எனக்குப் பழக்கமான ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். இளமையிலிருந்து சாவு வீடுகளில் கானா பாடுகிறவர். அவர் பெயரை இங்கே எழுதவேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். பெயரைப் பற்றி எழுதுகிற கட்டுரையில் இது ஒரு வேடிக்கைதான். ஆனால் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அவர் உரிமை. அவர் பேசியதை அவர் பேசியபடியே எழுதுகிறேன். தயவுசெய்து சிரிக்காமல் படியுங்கள்.

கைப்பேசியில் அந்த ஆட்டத்தைப் போட்டுக் காட்டினேன். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டுக் கேட்டார்.

"உங்கள் மெட்டுத்தானே?" என்றேன். அவருக்காக நான் கோபப்படத் தயாராக இருந்தேன்.

"மெட்டு நம்புளுது இல்ல சார். பழைய இந்திப் படத்து மெட்டு. எங்க வாத்தியார் காலத்துலயே எட்த்து வச்சிக்கினோம்" என்றார். என் கோபத்தின் கால் ஒடிந்தது. அவர் மறுபடியும் கேட்டுவிட்டு, "ஆமா, இதுல யாரு பேரு சார் வருது?" என்றார்.

"யார் பெயரும் வரவில்லையே."

"அப்ப யாருக்குப் பாடறாங்க?"

"இது சாவுப் பாட்டு இல்லை, பெரியவரே. சும்மா வேடிக்கைக்கு."

"வேடிக்கைன்னாலும் யாராச்சும் ஒருத்தன் இருக்கணுமில்ல சார்" என்றார்.

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நான் பல நாள் திண்டாடினேன். கானாவைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாக் கானா. 1990-களில் தேவா அதைத் திரைக்குக் கொண்டுவந்து பட்டிதொட்டியெல்லாம் ஆடவைத்தார். 2006-ல் 'சித்திரம் பேசுதடி'யில் கானா உலகநாதன் தோன்றி, மீன்களுக்கெல்லாம் கல்யாணம் நடத்திவைத்தார். அந்த வருஷம் அந்தக் கல்யாணத்துக்குப் போகாத தமிழர் யாரும் இல்லை. 'அட்டகத்தி'யில் கானா பாலா பாடினார். எல்லாம் சந்தோஷமான விஷயம்தான். ஆனால் இந்தப் பாட்டுக்குப் பிறந்த வீடு ஒன்று இருக்கிறது. அது சாவு வீடு.

தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருப்பார்கள். மாலை போட்ட படம். விடிய விடியக் கச்சேரி. புல்புல்தாரா ஒன்று, டோலக் ஒன்று. அதுவும் கிடைக்காவிட்டால் ஒரு தகரமோ தீப்பெட்டியோ போதும். பாடுகிறவர் முதலில் செத்தவரின் பெயரைச் சொல்லுவார். அப்புறம் அப்பன் பெயர், பெண்டாட்டி பெயர், பிள்ளைகள் பெயர், தெருப் பெயர், எந்தப் படகில் போனார், எந்த ஷெட்டில் வேலை செய்தார், யாரோடு சண்டை போட்டார், எந்தச் சண்டையில் தோற்றார், எல்லாம் வரும். நம்முடைய பெரியவர் ஒருமுறை வின்ச் டிரைவர் ஒருவருக்குப் பாடினாராம். செத்தவர் இவரிடம் 200 ரூபாய் கடன் வாங்கியிருந்தார். 'அவசரமில்லை, நான் வரும்போது அங்கேயே வாங்கிக்கொள்கிறேன், வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும், ஜாக்கிரதை' என்ற பொருளில் பாட்டின் நடுவே ஓர் அடியைப் போட்டாராம். அழுதுகொண்டிருந்த அந்த அம்மாள் அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டாராம். மறுநாள் மகனைவிட்டுக் கடனையும் கொடுத்தனுப்பினாராம். "நான் துட்டுக்குப் பாடல சார். ஆனா வந்த துட்ட வோணான்னும் சொல்லல" என்றார் பெரியவர்.

ஐயா, ரசிகர்களே, ஹாஸ்யம் என்றால் இதுவல்லவா ஹாஸ்யம்! பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து, பிணத்தோடு பேசிச் சிரிக்கவைக்கிற தைரியம் நம்முடைய எந்த நகைச்சுவைத் துணுக்குக்கு இருக்கிறது? அந்தச் சிரிப்புக்கு ஆதாரம் அங்கே எல்லோருக்கும் எல்லோர் பெயரும் தெரியும் என்பதுதான். கானா என்பது பெயர் சொல்லும் கலை. வருகைப் பதிவேட்டில் கூலியாக, கணக்கில் தலையாக, போலீஸ் குறிப்பில் 'மற்றும் சிலராக' இருந்தவனை, அவன் போகிற ராத்திரியில் முழுப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டு அனுப்புகிற கலை. மெட்டைக் கடன் வாங்கலாம், தாளத்தைக் கடன் வாங்கலாம், அவர்களே வாங்கியிருக்கிறார்கள். பெயரை மட்டும் கடன் வாங்க முடியாது. நாம் அந்தக் கலையை எடுத்துக்கொண்டு வந்தபோது முதலில் கழற்றி எறிந்தது எதை? அதைத்தான்.

சாவையும் பாட்டையும் ஒன்றாகச் சொன்னால் உங்களில் சிலருக்கு முகம் சுளிக்கும். ஆனால் நம் வீடுகளில் ஒரு கிழவர் காலமானால் பட்டினத்தார் பாட்டைப் போடுகிறோமே, அந்தப் பட்டினத்தார் எங்கே சமாதியானார்? இதே திருவொற்றியூர்க் கடற்கரையில். அங்கே சிறுபிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்து, தம்மை மூடச் சொல்லி, திறந்து பார்த்தால் லிங்கமாக இருந்தார் என்று கதை சொல்கிறார்கள். விளையாட்டும் சாவும் ஒன்றாகக் கலந்த கதை. உடம்பு சாம்பலாகும் என்று பட்டினத்தார் சொன்னால் தத்துவம்; அதே கடற்கரையில், அதே விஷயத்தை, கைலி கட்டிய ஒருவன் பாடினால் அது 'லோக்கல்'. இந்த நியாயத்தை எந்த நீதிமன்றத்தில் வாங்கினோம்?

இனி எதிர்க்கட்சி வக்கீலின் வாதத்துக்கு வருகிறேன். குடியிருப்பின் செயலாளர் நல்ல மனிதர், படித்தவர். நான் டெலிபோனில் குறைப்பட்டுக்கொண்டபோது பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சொன்னார்: "நாட்டுப்புறக் கலை எல்லோருக்கும் பொதுதானே, ஸார்! அதற்கு ஏது ஆசிரியர்? நாங்கள் என்ன, விற்றா பிழைக்கிறோம்? நாலு பேர் பார்த்து ரசிக்கட்டும் என்று அனுப்புகிறோம்."

ஆசிரியர் இல்லை என்பது முதலில் பொய். செயலாளர் வீட்டு வரவேற்பறையில் சோபாத் தலையணைகளில் வார்லிச் சித்திரம் அச்சிட்டிருக்கிறது. பழுப்பில் வெள்ளைக் கோட்டு மனிதர்கள் வட்டமாக ஆடுகிறார்கள். அதைக் 'குகைச் சித்திரம் மாதிரி' என்று எனக்கு விளக்கினார். மகாராஷ்டிரத்தில் வார்லி மக்களின் கல்யாண வீட்டுச் சுவரில் பெண்கள் அரிசி மாவால் எழுதிய சித்திரம் அது. அதைத் தாளுக்குக் கொண்டுவந்து உலகத்துக்குக் காட்டியவர்களில் முதல்வரான ஜிவ்யா சோமா மஷே 2018-ல்தான் காலமானார். 2011-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். ஆசிரியர் இருந்தார், ஐயா. தலையணையில் இடம் இல்லாமல் போயிருக்கலாம்.

நமக்குப் பெயர் ஞாபகம் வைக்கத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். 2019 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று எங்கோ ஒருவர் கேட்டார். தமிழர் ஒருவர் பதில் சொல்லப்போய், அந்தச் சுத்தியல் காண்டிராக்டர் நேசமணியின் தலையில் விழுந்த சமாசாரத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். ஒரே நாளில் உலகம் பூராவும் நேசமணிக்காகப் பிரார்த்தனை நடந்தது. 2001-ல் வந்த 'ப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு செய்த பாத்திரம். பதினெட்டு வருஷம் கழித்து, பாத்திரத்தின் பெயர், நடிகர் பெயர், படத்தின் பெயர், தலையில் சுத்தியலைப் போட்டவன் யார் என்பது வரையில் நம்மவர் ஒன்றையும் மறக்கவில்லை! ஒரு கற்பனைக் காண்டிராக்டருக்குக் கொடுத்த மரியாதையை உயிரோடிருக்கும் ஒரு பாடகனுக்குக் கொடுக்க நமக்கு முடியவில்லை. வடசென்னையிலிருந்து வந்த கானாப் பாடகி இசைவாணியின் பெயரை 2020-ல் லண்டனில் இருக்கும் பி.பி.சி. உலகின் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. நம் விழாவில் அறிவிப்பாளர் சொன்னது, 'அடுத்து ஒரு கானா!' அவ்வளவுதான்.

பழைய காலத்தில் கூட இவ்வளவு மோசமில்லை. சென்ற நூற்றாண்டின் முற்பகுதி வரையில் குஜிலிக் கடைத்தெருவில் காலணா, அரையணாவுக்குப் பாட்டுப் புத்தகங்கள் விற்றார்கள். கொலைச் சிந்து, புயல் சிந்து, ரயில் கவிழ்ந்த சிந்து. மட்டக் காகிதம், எழுத்துப் பிழை மலிந்த அச்சு. கனவான்கள் அதைத் தொடமாட்டார்கள். ஆனால் பெரும்பாலும் முகப்பில் பாடியவர் பெயர் இருக்கும். வேங்கடாசலபதி அவற்றைத் தேடிப் பிடித்து 'முச்சந்தி இலக்கியம்' என்ற புத்தகத்தில் எழுதியிருக்கிறார். காலணாப் புத்தகம் சொன்ன பெயரை லட்ச ரூபாய்க் கைப்பேசி சொல்லவில்லை.

இரண்டாவது, அந்தப் 'பொது' என்ற வார்த்தை. எனக்கு அதன்மேல்தான் அதிகக் கோபம்.

'புறம்போக்கு' என்று ஒரு சொல் இருக்கிறது. ஒரு மனிதனை அப்படிச் சொன்னால் அடிதடி நடக்கும். ஆனால் அது கிராமக் கணக்கில் ஒரு நிலத்தின் பெயர். வரி விதிக்காத நிலம். யாருடைய பட்டாவிலும் சேராத ஏரி, ஓடை, மேய்ச்சல் தரை, பாதை, கடற்கரை. எல்லோருக்கும் பொது. எல்லோருக்கும் பொதுவான நிலத்தின் பெயர், ஒன்றுக்கும் உதவாதவனைத் திட்டும் சொல்லானது எப்படி? பட்டா உள்ளவன்தான் மனிதன் என்று நாம் நினைக்க ஆரம்பித்த அன்றைக்கு அது நடந்திருக்க வேண்டும்.

எண்ணூர்க் கழிமுகம் அப்படிப்பட்ட ஒரு பொது. கொசஸ்தலையாறு கடலோடு சேருகிற இடம். முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவியே இறால் பிடித்து ஜீவித்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். பொதுத்தானே என்று முதலில் ஒரு மின் நிலையம் வந்தது. 1970-ல் தொடங்கி 2017-ல் மூடினார்கள். அது மூடுவதற்குள் வடசென்னை அனல் மின் நிலையம் வந்து, அதன் சாம்பல் குழாய் ஒழுகி ஆற்றின் அடியில் படிந்தது. 2001-ல் துறைமுகம் வந்தது. பிறகு நிலக்கரிக் கிடங்கு, சாலை, சுவர். ஆற்றில் இறங்கினால் காலுக்குக் கீழே சேறு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் இருந்தது. எந்த அதிகாரியும் அதைக் களவு என்று நினைக்கவில்லை, பொது இடம்தானே!

2017 பொங்கலின்போது டி. எம். கிருஷ்ணா அந்தச் சாம்பலுக்கு நடுவே நின்று 'சென்னை புறம்போக்குப் பாடல்' பாடினார். எழுதியவர் கபேர் வாசுகி, இசையமைத்தவர் ஆர். கே. ஸ்ரீராம்குமார், படம்பிடித்தவர் இரதீந்திரன் பிரசாத். சென்னைத் தெருப் பேச்சை ராகமாலிகையில் வைத்துப் பாடினார்கள். சங்கீதத்துக்குத் தீட்டு வந்துவிட்டது என்று ஒரு சாரார் முணுமுணுத்தார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ராகம் அவர்களைவிட உறுதியான சாமான். 'மயிலாப்பூர் சபாக்காரருக்கு வடசென்னைப் பாஷை எதற்கு, இதுவும் திருட்டுத்தானே' என்று வேறு சிலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியை மதிக்கிறேன். என் அபிப்பிராயம், அது திருட்டல்ல. ஏனென்றால் அந்தப் பாட்டு இடத்தின் பெயரைச் சொல்கிறது. எந்த ஊர், எந்த ஆறு, யார் அதில் என்ன கொண்டுவந்து கொட்டினார்கள் என்று சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, திட்டுச் சொல் ஒன்றை எடுத்து, தானும் அதுதான் என்று பாடகர் தம் தலையில் போட்டுக்கொள்கிறார். பிறரைக் கேலி செய்யும் சொல்லால் தன்னையே அழைத்துக்கொள்கிறவனுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தும் உரிமை உண்டு. கன்னத்தில் மைத் தழும்பு போட்டுக்கொண்ட எஞ்சினீயர் அதைச் செய்யவில்லை. அவர் விழா முடிந்ததும் முகம் கழுவிக்கொண்டார்.

ஆனால் அந்தப் பாட்டின் ரசிகர்களையும் நான் விட்டுவிடுவதாக இல்லை. அவர்களில் நானும் ஒருவன். பொங்கலுக்குப் பாட்டைக் கேட்டோம், கண் கலங்கினோம், ஒருவருக்கொருவர் அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்து, அதே ஜனவரி 28-ஆம் தேதி, எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையில் ஒதுங்கிய கருங்குழம்பை ஆட்கள் வாளியால் மொண்டார்கள். அந்த வாளிப் படத்தைக்கூட நம்மவர் கேலிச் சித்திரமாக்கி அனுப்பிச் சிரித்தார்கள். வாளியை அனுப்பிய சர்க்காரைக் கேலி செய்வதாக நினைப்பு. படத்தில் இருந்ததோ வாளியைப் பிடித்திருந்த மனிதன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. படகும் வலையும் கறுத்தன. அதே மாதக் கடைசியில் நள்ளிரவில் அம்மோனியா வாயு கசிந்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். அந்த ராத்திரி நம் கைப்பேசிகளில் புத்தாண்டு வேடிக்கைத் துணுக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. என் கைப்பேசியையும் சேர்த்தே சொல்கிறேன்.

நிலத்தைப் பொது என்று சொன்னவன் அதில் சாம்பலைக் கொட்டினான். பாட்டைப் பொது என்று சொல்கிற நாம் அதில் என்ன கொட்டுகிறோம் என்பதுதான் எனக்கும் செயலாளருக்கும் வழக்கு. உங்கள் காம்பவுண்டுச் சுவருக்குள் இருக்கிற மாமரம் பொதுவா, ஐயா? உங்கள் மகள் அரங்கேற்றம் செய்த வர்ணம் பொதுவா? அதன் அழைப்பிதழில் குரு பெயர், நட்டுவாங்கம் பெயர், மிருதங்கம் பெயர், ஒப்பனைக்காரர் பெயர் வரையில் அச்சிட்டீர்களே! 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முதலாக மேடை ஏறியபோது, கானாவும் ராப்பும் பறையுமாகப் பாடின அந்த இளைஞர்கள் இதைத்தான் கேட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் வைத்துக்கொண்ட பெயரே அயோத்திதாச பண்டிதர் வழிவந்தது. பெயருக்காகப் பட்டபாட்டை அவர்களைவிட யார் அறிவார்கள்? அவர்கள் பாட்டு எல்லாம் எனக்குப் பிடித்தது என்று சொல்லமாட்டேன். சில பாட்டுகளில் கோபம் இருக்கிற அளவுக்குப் பாட்டு இல்லை. ஆனால் அங்கே மேடையில் இருந்தவர்கள் வேஷம் கட்டிக்கொண்டு வந்தவர்களல்ல.

சிரிக்காதீர்கள் என்று நான் யாருக்கும் உபதேசம் செய்ய வரவில்லை. சிரிப்பு இல்லாமல் கானா இல்லை; 200 ரூபாய்க் கடன்காரரே சாட்சி. யாரோடு சேர்ந்து சிரிக்கிறோம் என்பதைத்தான் கேட்கிறேன். அந்த ஆசிரியைக்கு நான் எழுதாமல் விட்ட பதிலும் இதற்குள்தான் இருக்கிறது. என் கதை புத்தகமாக மறுபதிப்பு வந்தபோது மீன்காரிக்கு ஒரு பெயர் வைத்தேன். பெயர் வைத்ததும் ஓர் ஆச்சரியம் நடந்தது. நாலு பக்கத் திட்டும் அவள் வாயில் ஒட்டவில்லை. பெயர் உள்ளவள் அப்படித் திட்டமாட்டாள் என்று தெரிந்துபோயிற்று. மூன்றே கால் பக்கத்தை அடித்துவிட்டேன். கதை நடுவில் இப்போது கொஞ்சம் தொய்கிறதென்று பதிப்பாளர் சொல்கிறார்; தொய்யட்டும்.

செயலாளர் என் வார்த்தைக்கு மதிப்புக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு விழாவுக்கு நிஜமான பாடகர் ஒருவரையே அழைத்துவிடலாம், தக்க சன்மானம் கொடுத்துவிடலாம் என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "வருகிறவர் சாவுப் பாட்டு ஏதாவது பாடிவிடமாட்டாரே? பெரியவர்களெல்லாம் இருப்பார்கள்" என்று கேட்டார்.

நான் மறுபடியும் காசிமேட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். பெரியவர் சிரித்தார்.

"அங்க யாரும் இன்னும் சாவலயில்ல? அப்புறம் இன்னாத்துக்குச் சாவுப் பாட்டு? நல்லாவே பாடறேன்னு சொல்லு சார். ஆனா ஒண்ணு. அந்த வூட்டுக்காரங்க பேரெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி வாங்கியா. அங்க வேலை செய்றவங்க பேரும் வோணும். கூட்றவங்க, வாட்ச்மேன், லிப்ட்டுக்காரரு, எல்லாரும். பேரு இல்லாம நான் இன்னான்னு பாடறது?"

அன்று மாலையே செயலாளருக்குத் தகவல் சொன்னேன். வீட்டுக்காரர்கள் பெயர்ப் பட்டியல் கணிப்பொறியில் தயாராக இருக்கிறது, வேலைக்காரர்கள் பெயர்களைத்தான் விசாரித்து எழுத வேண்டும் என்றார். அந்தப் பட்டியல் எனக்கு இன்னும் வந்து சேரவில்லை.